தேசியத்தின் பெயரால் ஏகாதிபத்தியம்: ஒரு மறுப்பு

கடல்கடந்த நாடுகளில், சிறப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்ஸ் தேசம் ஆற்றிய பணியின் நன்மைகளைப் பள்ளிப் பாடத்திட்டங்கள் எடுத்தோத வேண்டுமென்று 2005ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துப் பிரெஞ்சுச் சட்டமொன்றின் நான்காம் விதி கட்டளையிட்டது. சரித்திர ஆசிரியர்கள் பலர் வன்மையாகக் கண்டிக்கவே, மறு ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாசகம் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய அந்த எண்ணம் மனிதர் மனத்திலிருந்தும் நீங்கிவிட்டதென்று கருதுவதற்கில்லை. வலிமையும் தன்மதிப்பும் வாய்ந்த தேசம் தன் எல்லைக்குள் அடங்கியிராது, பெருகிப் பரவுதல் அதன் இயல்பு. அவ்வாறு பரவிய ஐரோப்பிய வல்லரசுகள் கொடுமைகள் சில இழைத்தன என்பது மெய்யேயாயினும், பள்ளிக்கூடமும் ரயில் பாதையும் அடிமைமுறை ஒழிப்பும் அவற்றின் வழியாகவே வந்தன. தம்மை ஆண்டவரை எதிர்க்கக் குடியேற்ற நாட்டு மக்கள் கைக்கொண்ட தேசியம் என்னும் தத்துவங்கூட அவ்வாண்டவரிடமிருந்து பெற்றதே என்று இவ்வெண்ணமுடையார் வாதிப்பர். ஐரோப்பாவில் மட்டுமன்றி நம்மிடையேயும், நடுநிலையாளரென்று பெயரெடுக்க விழைவோர் பலர், இதனை ஒப்புக்கொள்வதே அறிவு முதிர்ச்சியின் அடையாளமென்று நினைக்கின்றனர்.

இவ்வாதம் அடிமுதல் நுனிவரை பிழையானது என்பதே என் கருத்து. ஏகாதிபத்தியத்தைத் தேசியத்தின் வளர்ச்சி என்பது பொருந்தாது. தேசியம் எந்த நியாயத்தின்மேல் நிற்கிறதோ அந்த நியாயத்தைப் பிறருக்கு மறுப்பதே ஏகாதிபத்தியம். இதனை நிறுவப் பிரான்ஸ் தேசத்தையே சான்றாகக் கொள்கிறேன். மனிதனின் உரிமைகளை உலகறியப் பறைசாற்றிய நாடு அது. தேசியத்துக்கு மிகத் தெளிவான இலக்கணம் வகுத்த அறிஞர்கள் தோன்றிய நாடும் அதுவே. அங்கேயே இந்த நியாயம் செல்லவில்லையாயின் வேறெங்கும் செல்லாது.

1870ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றது. அல்சாஸ் மாகாணத்து மக்கள் ஜெர்மன் மொழியும் இனமும் சார்ந்தவராதலின் ஜெர்மனிக்கே உரியவர் என்று ஜெர்மன் பேரறிஞர் மம்சென் எழுதியதற்கு, அவ்வாண்டு அக்டோபரில் விடையிறுத்த ஃபுஸ்தெல் த கூலான்ழ் என்னும் பிரெஞ்சு சரித்திராசிரியர், ஒரு தேசத்தை ஆக்குவன இனமும் மொழியும் ஆகா, ஒன்றாக வாழவேண்டுமென்ற மக்களின் விருப்பமே தேசத்தை ஆக்குவது என்று நிலைநாட்டினார். அல்சாஸ், லொரேன் பிரதிநிதிகளும், தம் சம்மதமின்றித் தம்மைக் கைமாற்றும் உடன்படிக்கை செல்லாது என்று 1871 மார்ச்சில் போர்தோ நகரில் கூடிய தேசிய சபையில் அறிவித்துவிட்டு வெளியேறினர். ஆயினும் மே 10ஆம் நாள் பிராங்பர்ட்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் பறிபோயின. 500 கோடி பிராங்கு தண்டமும் பிரான்ஸின்மேல் விழுந்தது. கேட்பாரின்றி மனிதரைக் கைமாற்றும் இச்செய்கையை அநீதியென்று பிரெஞ்சு தேசம் முழுவதும் கூவிற்று. அக்கூற்றில் ஐயத்துக்கு இடமில்லை.

அதே 1871ஆம் ஆண்டின் அதே மார்ச்சு மாதத்தில், அல்ஜீரியாவின் கபிலியா மலைநாட்டில் முக்ரானி என்னும் தலைவனின்கீழ் மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். மே மாதத்தில், பிராங்பர்ட் உடன்படிக்கைக்குச் சில நாள் முன்பாக, முக்ரானி போர்க்களத்தில் வீழ்ந்தான். எழுச்சி அடக்கப்பட்டபின் மூன்றரைக் கோடி பிராங்குக்கு மேற்பட்ட தண்டம் அம்மலைவாசிகளின்மேல் விதிக்கப்பட்டது; நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் பறிமுதலாயிற்று; தலைவர்கள் பலர் பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஜெர்மன் ஆட்சியை ஏற்க மறுத்து வெளியேறிய அல்சாஸ்காரருக்கும் லொரேன்காரருக்கும் அல்ஜீரியாவில் 1,00,000 ஹெக்டேர் நிலம் வழங்குவதென்று அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே தேசிய சபை சட்டமியற்றிற்று. தன் மண்ணைப் பறிகொடுத்தவனின் துயரைத் துடைக்க இன்னொருவனின் மண்ணைப் பறித்துக் கொடுத்தது அச்சபை. அல்சாஸ்காரனின் விருப்பம் புனிதமானது, கபிலியாக்காரனின் விருப்பம் கணக்கில் சேராதது என்று ஒரே சபை ஒரே ஆண்டில் தீர்ப்பளித்ததைத் தேசியத்தின் பெருக்கம் என்று எவ்வாறு கூறுவது? பெர்லின் எந்த நியாயத்தைப் பாரிசுக்குக் காட்டிற்றோ அதே நியாயத்தைப் பாரிஸ் கபிலியாவுக்குக் காட்டிற்று. காட்டியவன் கை மட்டுமே மாறிற்று.

இம்முரண்பாடு அரசியல்வாதிகளோடு நின்றுவிடவில்லை. தேசம் என்பது நாள்தோறும் நடைபெறும் குடியொப்பத்தால் நிலைபெறுவது என்ற கருத்தை 1882இல் சொர்பொன் கலாசாலையில் விளக்கிய ரெனான் என்ற மேதை, பதினோராண்டுகளுக்கு முன் வெளியிட்ட நூலில், தாழ்ந்த இனத்தின் நாட்டை உயர்ந்த இனம் வென்று ஆளுவதில் அருவருக்கத்தக்கது ஒன்றுமில்லை என்ற கருத்தையும் தெரிவித்திருந்தார். குடியொப்பம் ஐரோப்பியருக்கு, வெற்றியின் உரிமை ஏனையோருக்கு என்று உலகை இரு கூறாக்கிய பிறகு, எஞ்சி நிற்பது தேசியமன்று, ஜாதியே.

ஏகாதிபத்தியத்துக்காக நூற்றாண்டு முழுவதும் கூறப்பட்ட நியாயங்களையெல்லாம் திரட்டி ஒரே பேச்சில் வைத்தவர் ழூல் ஃபெரி. பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அளித்த மந்திரி இவர். பிரான்ஸின் கிழக்கெல்லையிலுள்ள வோழ் மலைநாட்டில் பிறந்து, மலைக்கு அப்பாலிருந்து தோற்றவர்களின் முறையீடு தம் நெஞ்சில் ஒலிப்பதாக மரண சாசனத்திலும் உருகிய தேசபக்தர். இவருடைய மந்திரிசபை வட வியட்நாமின் தோங்கிங் போரில் நேர்ந்த பின்னடைவால் 1885 மார்ச்சில் கவிழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள், மடகாஸ்கர் படையெடுப்புக்குப் பணம் ஒதுக்கும் விவாதத்தில் எழுந்து, குடியேற்றக் கொள்கைக்கு மூன்று காரணங்கள் காட்டினார். பெருகும் உற்பத்திக்குச் சந்தை வேண்டும். உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமையும் அதனால் அவற்றின்மேல் உரிமையும் உண்டு. பிறர் பரவும்போது ஒதுங்கி நிற்கும் தேசம் முதல் வரிசையிலிருந்து மூன்றாம் நான்காம் வரிசைக்கு இறங்கிவிடும். மனித உரிமைப் பிரகடனம் பிறந்த மண்ணில் நின்று இதனைக் கூறத் துணிகிறீரா என்று மேஞ் என்ற உறுப்பினர் இடைமறித்துக் கேட்டார். அதற்கு ஃபெரி இறுத்த விடை கருதத்தக்கது. மத்திய ஆப்பிரிக்கக் கறுப்பருக்காகவும் அப்பிரகடனம் எழுதப்பட்டதாயின், அவர்கள்மேல் வாணிகத்தைச் சுமத்தவும் உங்களுக்கு உரிமை ஏது, அவர்கள் உங்களை அழைக்கவில்லையே என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஏகாதிபத்தியத்தின் தலைசிறந்த வழக்கறிஞர் தம் வாயாலேயே தந்த வாக்குமூலம் இது. அழைப்பு இல்லை, சம்மதம் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். பிரகடனத்தை மெய்யென்று கொண்டால் தம் கொள்கை நில்லாதென்பதையும் அறிந்திருந்தார். கொள்கையைக் கைவிட மனமின்றிப் பிரகடனத்தின் எல்லையைச் சுருக்கினார். அவருக்குப் பின்வந்த பாதுகாவலர்கள், அவர் திறந்து கூறியதை மூடிக் கூறினார்களேயன்றிப் புதிதாக ஒன்றும் கூறவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுமொழி கூறிய அச்சபை உறுப்பினர் கிளெமான்சோ, பிரெஞ்சுக்காரர் ஜெர்மானியரைவிடத் தாழ்ந்த இனத்தவராதலாலேயே தோற்றனர் என்று ஜெர்மன் பண்டிதர்கள் சாஸ்திர ரீதியாக நிரூபித்த நாள் முதல், ஒரு மனிதனைத் தாழ்ந்தவனென்று கூறுமுன் தாம் இருமுறை சிந்திப்பதாகக் கூறி, இந்துக்களின் தொன்மையான நாகரிகத்தையும் சீனரின் நாகரிகத்தையும் எடுத்துக்காட்டி, இவர்களா தாழ்ந்தவர் என்று வினவினார். அந்தக் கிளெமான்சோவே பிரதம மந்திரியாக இருந்த 1907ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை மொராக்கோவின் காசாபிளாங்காவில் இறங்கிற்று. கோட்பாட்டைக் கண்டிப்பது எளிது. அதனால் வரும் ஆதாயத்தைத் துறப்பது அரிது.

நாகரிகக் கடமை என்ற காரணத்தை ஃபெரி காட்டியது மடகாஸ்கர் விவாதத்திலாதலின் அத்தீவையே முதலில் எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கர் ராணியின் அரசு 1881இல் வெளியிட்ட 305 விதிகள் கொண்ட சட்டத் தொகுதி, சிறுவர்கள் பள்ளிக்குச் செல்வதைக் கட்டாயமாக்கியது. ஃபெரியின் கட்டாயக் கல்விச் சட்டமோ 1882 மார்ச்சில்தான் பிறந்தது. எவருக்குக் கல்வியளிக்கப் படை அனுப்புவதாக அவர் முழங்கினாரோ, அவர்கள் தம் குழந்தைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியதில் அவருடைய நாட்டுக்கு முந்திக்கொண்டவர்கள். அச்சட்டம் தீவு முழுவதும் செவ்வனே நடந்ததென்று நான் கூறவில்லை. அப்பள்ளிகளில் கற்பித்தவர் பலர் ஐரோப்பியப் பாதிரிமார் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அப்பாதிரிமார், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலாம் ராதாமா மன்னனின் இசைவுடன் தலைநகருக்கு வந்து, அந்நாட்டு மொழிக்கு லத்தீன் எழுத்தமைத்துக் கற்பித்தவர்கள். கல்வி பெறுவதற்கு ஆட்சியைப் பறிகொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? 1895இல் படை தலைநகரைக் கைப்பற்றிற்று. 1896இல் தீவு பிரெஞ்சு உடைமையாயிற்று. அவ்வாண்டே மந்திரி ஒருவரும் அரச குடும்பத்தார் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு மூன்றாம் ரானவலோனா ராணி நாடுகடத்தப்பட்டு, 1917இல் அல்ஜியர்ஸில் இறந்தார்.

அல்ஜீரியாவில் நிகழ்ந்ததைக் கூற எதிரியின் சாட்சி எதற்கு? வெற்றிக்கு ஆதரவாளராக இருந்த பிரெஞ்சு அரசியலறிஞர் தொக்வில், படையெடுப்பு நிகழ்ந்து பதினேழு ஆண்டுகளானபின், 1847இல் பிரெஞ்சுப் பிரதிநிதி சபைக்கு அளித்த அறிக்கையில், கல்விக்கும் தர்மத்துக்கும் பயன்பட்ட அறக்கட்டளைகளின் வருமானத்தில் நாம் கைவைத்தோம், பள்ளிகளைப் பாழாக விட்டோம், நம்மை அறியுமுன் இருந்ததைவிட அந்தச் சமூகத்தை வறுமையிலும் அறியாமையிலும் தள்ளினோம் என்ற கருத்துப்பட எழுதினார். அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, 1954இல் சுதந்திரப் போர் மூண்டபோது, அந்நாட்டு முஸ்லிம்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள். நூற்றிருபத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன் என்பவன், தன் மாணாக்கரின் தேர்ச்சியைக் காட்டட்டும்.

வியட்நாமில் கதை இன்னும் விசித்திரமானது. 1907இல் ஹனோய் நகரத்து அறிஞர்கள், புதுக்கல்வியைத் தம் மக்களுக்குப் புகட்ட இலவசப் பள்ளியொன்றைத் தாமே தொடங்கினர். ஓராண்டு நிறையுமுன் அரசாங்கம் அதனை மூடிற்று. அதே ஆண்டு அரசாங்கமே தொடங்கிய சர்வகலாசாலையும் நாட்டில் கிளர்ச்சி தோன்றியதும் 1908இல் மூடப்பட்டது. மீண்டும் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. கல்வி ஆட்சிக்குத் துணையாயிருக்கும்வரை அது நாகரிகம், ஆட்சியைக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் ராஜத்துரோகம்.

அடிமைமுறையை ஒழித்தோம் என்பது அடுத்த பெருமை. பிரெஞ்சுப் புரட்சி 1794இல் ஒழித்த அடிமைமுறையை நெப்போலியன் 1802இல் மீட்டான். 1848இல் மீண்டும் ஒழித்தபோது நஷ்டஈடு பெற்றவர் அடிமைகளை உடையவரேயன்றி அடிமைகளாக உழைத்தவர் அல்லர். தானே சுதந்திரம் வென்ற ஹெய்தியிடமோ 1825இல் அரச ஆணையொன்றின் மூலம் 15 கோடி பிராங்கு கேட்டது பிரான்ஸ். ஒழிப்புக்குப்பின் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்ட நம் தமிழ்க் கூலிகள் அந்த இடத்தை நிரப்பினர். அவர்கள் பட்ட பாடு எத்தகையதென்றால், தானும் ஒரு குடியேற்ற வல்லரசாகிய பிரிட்டிஷ் இந்திய அரசாங்கமே 1882இல் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்காவிலும் விடுதலையின் மறுபுறம் இவ்வாறே இருந்தது. 1921 முதல் 1934 வரை கட்டப்பட்ட காங்கோ–ஓசியன் ரயில் பாதையில் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டு மாண்டவர் 15,000க்குக் குறைவில்லை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் கட்டாய உழைப்பு சட்டத்தால் நீங்கியது 1946 ஏப்ரலில்தான். அதற்கான மசோதாவைக் கொணர்ந்தவரும் ஐவரி கோஸ்ட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஆப்பிரிக்கராகிய ஹூஃபுவே-புவாஞி. அடிமைத்தளையை அறுத்த கையென்று எதனைப் போற்றுவதாயினும் அந்தக் கையைப் போற்றுவோம்.

ரயில் பாதையும் துறைமுகமும் பற்றிய வாதத்துக்கு நெடிய விடை வேண்டியதில்லை. குடியேற்ற நாடுகளின் செலவை அந்நாடுகளே ஏற்கவேண்டும் என்பது 1900 ஏப்ரலில் பிரெஞ்சுப் பாராளுமன்றம் வகுத்த விதி. ஆகவே, கட்டப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் கைமுதல் கொடுத்தவர்கள் அந்தந்த நாட்டு மக்கள். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியவர்களும் அவர்களே. வியட்நாமில் கவர்னர் ஜெனரல் தூமேர், உப்பு, சாராயம், அபின் ஆகிய மூன்றையும் அரசாங்கத்தின் ஏகபோகமாக்கி வருவாய் திரட்டினார். மருத்துவமனை கட்டினோம் என்று சொல்வோர், அபின் விற்ற காசும் அதே கஜானாவில் சேர்ந்ததென்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ரயிலும் கட்டாயக் கல்வியும் வேண்டுமென்று கருதிய ஜப்பானியர், எவரிடமும் நாட்டை ஒப்படைக்காமலே இரண்டையும் 1872இல் தொடங்கிக்கொண்டனர்.

எஞ்சியிருப்பது, தேசியமே ஐரோப்பாவின் கொடை என்ற வாதம். கருத்துகளுக்குக் கடவுச்சீட்டு இல்லை. அவை நூல்வழியாகவும் பயணிகள் வழியாகவும் எங்கும் செல்லும். ஆனால் கொடுத்தேன் என்று பெருமை கொள்பவன், பெற்றவன் அதனைப் பயன்படுத்தியபோது எவ்வாறு நடந்துகொண்டான் என்பதன்றோ கேள்வி? 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு, அன்னாமியர் எனப்பட்ட வியட்நாமியர் சார்பாக, பின்னாளில் ஹோ சி மின் என்று புகழ்பெற்றவரின் பெயரில் எட்டுக் கோரிக்கைகள் அளிக்கப்பட்டன. அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டங்கூடும் உரிமை, ஐரோப்பியருக்குள்ள சட்டப் பாதுகாப்பு போன்றவையே கேட்கப்பட்டன, சுதந்திரங்கூடக் கேட்கப்படவில்லை. தேசங்களின் சுயநிர்ணயம் பேசிய அம்மாநாட்டில், கிளெமான்சோ தலைமை வகித்த அம்மாநாட்டில், அவற்றுக்குச் செவிசாய்ப்பாரில்லை. ஜெர்மனியின் வீழ்ச்சியைப் பிரான்ஸ் கொண்டாடிய 1945 மே 8ஆம் நாளில், அல்ஜீரியாவின் செதீஃப் நகரில் சுதந்திரக் கொடியுடன் ஊர்வலம் சென்றவர்மீது சுடப்பட்டது. அதன்பின் மூண்ட கலகத்தில் ஐரோப்பியர் நூற்றுவர் அளவில் மாண்டனர். அதற்குப் பழிவாங்கும் அடக்குமுறையில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஹனோயில் ஹோ சி மின் படித்த சுதந்திர அறிக்கை பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தைச் சான்று காட்டிற்று. அதற்குப் பிரான்ஸ் அளித்த விடை, 1954 வரை நீடித்த போர். கொடை என்பது கேட்டவனுக்குக் கொடுப்பது; கேட்டவனைச் சுட்டுவிட்டு, அவன் கேட்கக் கற்றதே என்னால்தான் என்பது கொடையாகாது. அன்றியும், ரெனானின் சொற்பொழிவைக் கேட்டா முக்ரானி மலையிலிருந்து இறங்கினான்? தன் ஊரைப் பிறன் ஆளுதல் இழிவென்பதை அறியப் பாரிசுக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

வென்று ஆளாத இனம் உலகில் உண்டா, ஆசியரும் ஆப்பிரிக்கரும் பேரரசு நடத்தவில்லையா என்று கேட்பாரும் உளர். நடத்தினர், மடகாஸ்கர் அரசும் தீவின் பிற குடிகளை வென்று ஆண்டதே. அவையும் இதே அளவையால் அளக்கப்பட வேண்டியவை. பிறர் செய்த குற்றம் என் குற்றத்துக்குப் பங்காளியாகுமேயன்றிப் பரிகாரமாகாது. நன்மை தீமைகளை இரு பத்திகளில் எழுதிக் கூட்டிக் கழித்து முடிவு காண்போம் என்னும் கணக்காளரும் ஒன்றை மறக்கின்றனர். கணக்கை எழுதியவன் ஆண்டவன். ஆளப்பட்டவனிடம் அப்புத்தகம் ஒருபோதும் காட்டப்படவில்லை. தன் வாழ்வைப் பணயம் வைத்து நடந்த வாணிகத்தில் தனக்கு லாபமா நஷ்டமா என்று சொல்லும் அதிகாரம் அவனுக்கே உரியது.

அவனைக் கேட்டபோதெல்லாம் அவன் சொன்னது என்ன? 1954 அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதை விரும்பினர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறிற்று. அன்று ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அதே நவம்பர் 1ஆம் நாள், எவரும் கேட்கப்படாத அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டது. அல்ஜீரியா பிரான்ஸே என்று பாரிஸ் மந்திரிகள் சாதித்தனர். ஏறக்குறைய எட்டாண்டுகளும் லட்சக்கணக்கான உயிர்களும் கழிந்தபின் 1962 ஜூலை 1ஆம் நாள் அம்மக்களைக் கேட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோர் சுதந்திரம் என்றனர். இடையே 1958இல் கினி நாட்டைக் கேட்டபோது அது பிரான்ஸை மறுத்தது. அதற்குத் தண்டனையாகப் பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளையும் கருவிகளையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அவ்வாண்டு பிரான்ஸோடு தொடர்வதாக வாக்களித்த ஆப்பிரிக்க நாடுகளுள் மிகப் பெரும்பாலானவையும் 1960 முடிவதற்குள் தனியாட்சி பெற்றுவிட்டன.

ஆதலின், தேசியத்தையும் ஏகாதிபத்தியத்தையும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகக் காட்டும் சரித்திரத்தை ஏற்பதற்கில்லை. மக்களின் சம்மதம் என்ற ஒன்றை நீக்கிவிட்டால் தேசியத்தில் மிஞ்சுவது கொடியும் படையுமே. அவை இரண்டும் பிராங்பர்ட்டிலும் இருந்தன, கபிலியாவிலும் இருந்தன. இந்த அளவையைப் பிரான்ஸுக்கு மட்டும் வைத்துவிட்டு நம்மவர் தப்பித்துக்கொள்ளவும் இடமில்லை. எந்த தேசமாயினும், அது நம் தேசமேயாயினும், தன் ஆட்சியை விரும்பாத மக்களை அவர்களின் நன்மைக்காகவே ஆளுகிறேன் என்று கூறத் தொடங்கும் நாளில், ஃபெரியின் பேச்சைத்தான் அது திரும்பப் பேசுகிறது. அப்பேச்சு எந்த மொழியில், எந்தக் கொடியின்கீழ் வந்தாலும், அம்மக்கள் அழைத்தார்களா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்; விடை கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள்.